கோடு அக்கா சொன்ன பிரார்த்தனை

மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பெயர், வயது, ரத்த வகை எல்லாவற்றையும் நிரப்பியவள், மதம் என்று இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டாள். அலுவலக குமாஸ்தா கண்ணும் கருத்துமாக வேலை பார்க்கிற மனிதர். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று அவருக்கு மேலிடத்து உத்தரவு. ஆகவே கணினியில் அவளுடைய மதம் 'கோடு' என்று ஏறியது. அந்த வருடக் கடைசியில் ஊழியர் கணக்கெடுப்பு வந்தபோது, எந்த மதத்தில் எத்தனை பேர் என்ற பட்டியலின் அடியில் 'கோடு: 1' என்று இருந்தது. அன்றிலிருந்து அவள் கோடு அக்கா. பெரிய டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

அவள் அதற்கு வருத்தப்படவில்லை. கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிற ரகமும் இல்லை. யாராவது கேட்டால், "எனக்கு அது இல்லைங்க" என்பாள், சர்க்கரை உண்டா என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. அப்புறம் ஏதோ பெரிய துயரம் நடந்திருக்கும், சொல்ல மறுக்கிறாள் என்று எதிரில் இருப்பவர் கண்ணில் இரக்கம் சுரக்கும். ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்குக் காதை ஆட்ட வரும், சிலருக்கு வராது. இவளுக்குப் பக்தி வரவில்லை. பதினோரு வயதில் ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் கணவர் வாரம் தவறாமல் தன் பிரார்த்தனைக் கூடத்துக்குப் போய்வருவார். வீட்டுக்கு ஒரு ஆள் போனால் போதாதா என்பது அவள் வாதம்.

அவள் வேலை டயாலிசிஸ் பிரிவில். பதினோரு மெஷின்கள், பதினோரு சாய்வு நாற்காலிகள், காலை ஆறு மணிக்கு முதல் ஆட்கள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் ஒன்றுவிட்டு ஒருநாள் வந்து நாலு மணி நேரம் படுத்திருக்க, மெஷின் ரத்தத்தை வாங்கிச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுக்கும். அதற்கு ஒவ்வொரு முறையும் கையில் இரண்டு ஊசி. சாதாரண ஊசி இல்லை, பார்த்தாலே பாதிப் பேருக்கு வியர்க்கும் ஊசி. சிலருக்கு எப்போதும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே ஆள்தான் அதைப் போடவேண்டும். போன தடவைத் துளையில் காய்ந்திருக்கும் பொருக்கை எடுத்துவிட்டு அதே துளைக்குள் அதே வழியாக இறக்கினால், நாளடைவில் காதில் கம்மல் போடுகிற துளைபோல வலியில்லாமல் போகும். இன்னொருவர் கை பட்டால் சாய்வு மாறும், துளை கெடும். அப்படி அவள் கையை நம்பியிருந்தவர்களில் ஒருவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர்.

எழுபத்தோரு வயது மனிதர். முப்பது வருடம் கடிகாரத்தையும் பஸ்ஸையும் மாறிமாறிப் பார்த்தவர். ஊசியைக் கண்டால் மட்டும் குழந்தை. கை கிடுகிடு என்று ஆடும். ஆகவே அவருடைய மனைவி பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவர்கள் கூடத்துப் பிரார்த்தனை ஒன்றைச் சொல்வார். நாற்பது அடி. கோடு அக்கா பொருக்கை நனைக்கும்போது, 'வாசலைச் சாத்தாதவரே, வந்தவரை எண்ணாதவரே' என்று தொடங்கும். 'என் கையில் இருப்பது உம் கையில் இருக்கட்டும்' என்னும் அடியில் முதல் ஊசி உள்ளே போகும். இரண்டாவது ஊசி போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, குழாய்களை இணைத்து நிமிர்ந்தால் கடைசி அடி. எண்ணி நாலு நிமிடம். கை ஆடாது. வாரம் மூன்று நாள், நாலு வருடம். அறுநூறு தடவைக்கு மேல் கேட்டதில் அந்தப் பிரார்த்தனை கோடு அக்காவுக்குத் தலைகீழாகப் பாடம். விரும்பிப் படித்ததில்லை. எதிர்வீட்டு ரேடியோ விளம்பரம் மனதில் நிற்கிற மாதிரி நின்றது.

ஒருநாள் டைம்கீப்பர் தூங்கிவிட்ட பிறகு, வராந்தாவில் வெந்நீர் மெஷின் அருகே அந்த அம்மா அவளைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு நம்பிக்கை இல்லைன்னு சொல்றாங்களே, எப்போ போச்சு?"

"எனக்கு வரவே இல்லைம்மா. வந்தாத்தானே போறதுக்கு?"

"குடுத்து வெச்சவ. எனக்கு வந்து, இருந்து, போயிடுச்சு." அந்த அம்மா பிளாஸ்கின் மூடியைத் திருகினார். "அஞ்சு வருஷம் ஆச்சு. ஒருநாள் காலையில பாத்திரம் தேய்ச்சிட்டு இருந்தேன். இத்தனை நாளா உள்ளே யாரோ உட்கார்ந்திருந்த மாதிரி இருக்கும். அன்னைக்குப் பார்த்தா இல்லை. சரி, வெளியில போயிருப்பாரு, வருவாருன்னு இருந்தேன். வரலை."

"ஏதாவது நடந்துச்சா?"

"என்ன நடக்கணும்? பாத்திரம்தான் தேய்ச்சேன்."

கோடு அக்காவுக்கு அந்த அம்மாவை அந்த நொடியில் மிகவும் பிடித்துப்போனது. ஆனாலும் கேட்டாள். "அப்புறம் ஏம்மா தினமும் சொல்றீங்க?"

"அவர் கை ஆடக் கூடாதே. அதுவும் இல்லாம, சொல்லும்போது நல்லாத்தான் இருக்குடி. அந்தப் பக்கம் கேட்கிறதுக்கு ஆள் இல்லை, தெரியும். இந்தப் பக்கம் இவரு கேட்கிறாரு இல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது உனக்கு மட்டும் சொன்னது. அவருக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. பொண்ணுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். யார்கிட்டேயும் மூச்சு விடக் கூடாது. சத்தியம் பண்ணு."

"யார் மேலம்மா சத்தியம் பண்றது?"

இருவரும் யோசித்தார்கள். யோசிக்க யோசிக்கச் சிரிப்பு வந்தது. அந்த அம்மா சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். கடைசியில் ஆறாம் எண் மெஷின்மேல் சத்தியம் என்று முடிவானது. அது மட்டும்தான் அந்தப் பிரிவில் இதுவரை ஒருநாளும் பழுதாகாதது.

அடுத்த வருடம் அந்த அம்மா இறந்துபோனார். நோயாளி நாற்காலியில் படுத்திருக்க, திடமாக நடமாடியவர் ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருந்த ஒரே மகள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகள் ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வராமல் அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள். ஆனால் டயாலிசிஸ் யாருக்காகவும் நிற்காது. இறுதிச் சடங்கு முடிந்த மறுநாளே டைம்கீப்பர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஸ்டூல் காலியாக இருந்தது.

கை ஆடியது. அவரே பிரார்த்தனையைத் தொடங்கினார். மூன்றாம் அடியில் அழுதுவிட்டார். மறுபடி தொடங்கினார், மறுபடி அதே இடம். கோடு அக்கா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்தாள். பக்கத்து நாற்காலிக்காரர் மெஷின் வேறு கத்த ஆரம்பித்தது. வேறு வழியில்லை. வேலை ஆகவேண்டும். அவள் பொருக்கை நனைத்துக்கொண்டே, "வாசலைச் சாத்தாதவரே" என்றாள்.

டைம்கீப்பர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"முன்னாடியே சொல்லிடறேன் சார். எனக்கு இதுல நம்பிக்கை கிடையாது."

"எனக்கு அந்த ஊசியில நம்பிக்கை கிடையாது. நீங்க போடலையா? சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். இரண்டு ஊசியும் முதல் முயற்சியிலேயே இறங்கின. கடைசி அடியில் நிமிர்ந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். கை அமைதியாகக் கிடந்தது. சரி, கருவி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஒன்பது மாதம். முதலில் அவளுக்கு அது பஞ்சு, பிளாஸ்திரி வரிசையில் ஒன்று. பிறகு எப்போதென்று தெரியவில்லை, அதில் சில அடிகள் பிடித்துப்போயின. 'கேளாமல் தந்தீர், கேட்டும் தராதிருந்தீர், இரண்டுக்கும் நன்றி' என்று ஓர் அடி. யார் எழுதியதோ, வாழ்ந்து பார்த்த ஆள்தான் எழுதியிருக்க வேண்டும். விடுமுறை நாளில் சட்டை மடித்துக்கொண்டிருக்கும்போது உதடு தானாக முணுமுணுத்தது. கணவர் கேட்டுவிட்டார். அவருடைய பதினெட்டு வருட வேண்டுதல் பலித்துவிட்டது என்று பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் அவருக்கு. அது வேறு மதத்துப் பிரார்த்தனை என்பதைக்கூட அவர் பெரிதுபடுத்தவில்லை. "எந்தக் கதவு வழியா வந்தா என்ன, வந்தியே" என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"கூடத்துக்கு. ரெண்டு பேருமா."

"இல்லைங்க. இன்னும் இல்லை."

அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். பாவமாக இருந்தது. ஆனால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதால், சமையலறையில் நின்று தன்னைத்தானே சோதித்துப் பார்த்தாள், மெஷினைத் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு விளக்காகப் பார்ப்பதுபோல. மேலே யாராவது இருக்கிறார்களா? இல்லை. இறந்தபிறகு ஏதாவது உண்டா? இல்லை. சொல்வதை யாராவது கேட்கிறார்களா? டைம்கீப்பர் கேட்கிறார். எல்லாம் முன்போலவேதான் இருந்தது. ஆனால் நாளை மறுநாள் காலை ஆறேகால் சீக்கிரம் வராதா என்று இருந்தது. அந்த நாலு நிமிடம் அவள் யாருக்கும் கெட்டவளாக இல்லை, எந்த அவசரமும் இல்லை, எதற்கென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் நன்றியோடு இருந்தாள். இதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

இந்த நிலையில்தான் மகள் ஒரு மாத விடுப்பில் வந்தாள். முதல் நாள் காலை அப்பாவுடன் டயாலிசிஸ் பிரிவுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அம்மாவின் பிரார்த்தனை நீல நிறக் கையுறை போட்ட ஒரு பெண்ணின் வாயிலிருந்து வருவதைக் கேட்டதும் அழுதேவிட்டாள். முடிந்ததும் வராந்தாவுக்கு ஓடிவந்து கோடு அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை சிஸ்டர். நீங்க நம்ம ஆளுங்கன்னு அப்பா சொல்லவே இல்லையே! எந்தக் கூடத்துக்குப் போறீங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஒரு புன்னகையோடு நகர்ந்திருந்தால் போதும். ஆனால் கோடு அக்கா வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"எந்தக் கூடத்துக்கும் இல்லைங்க. எனக்கு நம்பிக்கை கிடையாது."

கட்டிக்கொண்ட கை மெதுவாக விலகியது. "அப்போ சொன்னது?"

"அவருக்குக் கை ஆடாம இருக்கணும். அதுக்குச் சொல்றேன்."

அன்று மத்தியானமே புகார் வந்தது. மருத்துவமனையின் புகார்ப் படிவத்தில் சுத்தமின்மை, தாமதம், ஊழியர் நடத்தை, பிற என்று நாலு கட்டங்கள். மகள் 'பிற' என்பதில் குறியிட்டு, எதிரே 'நம்பிக்கை இல்லாமல் பிரார்த்தனை செய்தல்' என்று எழுதியிருந்தாள். பொறுப்பு நர்ஸ் அதை இரண்டு தடவை படித்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் எல்லா விதமான புகாரும் பார்த்தவர், இதற்கு எந்தக் கோப்பு என்று தெரியாமல் விழித்தார்.

விசாரணை மறுநாள் சாமான் அறையில், உப்புநீர்ப் பெட்டிகளுக்கு நடுவே நடந்தது. வேறு அறை காலியில்லை. மகள் அவர்கள் கூடத்துப் பெரியவரையும் அழைத்துவந்திருந்தாள். ஒல்லியான மனிதர், பெட்டிமேல் உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். தொற்று ஒன்றைத் தவிர உலகில் வேறெதற்கும் பயப்படாத பொறுப்பு நர்ஸ்தான் முதலில் கேட்டார்.

"பிரார்த்தனை சொல்லும்போது மாஸ்க் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேன்."

"அப்போ என் பக்கம் ஒண்ணும் பிரச்சினை இல்லை."

மகள் பெரியவரைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "தப்பு இல்லாம சொல்றாங்களா?"

"தப்பு இல்லாமத்தான் சொல்றாங்க ஐயா. அதுவா முக்கியம்?"

"நம்ம கூடத்துல பாதிப் பேருக்குப் பதினாறாவது அடி வராது" என்றார் பெரியவர், பொதுவாக.

"நம்பிக்கை இருக்கா இல்லையா, அதைப் பத்திச் சொல்லுங்க ஐயா."

"அதை அளக்கிறதுக்கு என்கிட்ட கருவி இல்லையேம்மா. இவங்ககிட்டதான் எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு."

மகள் அவரை விட்டுவிட்டுக் கோடு அக்காவிடம் திரும்பினாள். கோபமாகத்தான் தொடங்கினாள், பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. "நீங்க கெட்டவங்கன்னு நான் சொல்லலை. அப்பாவை நல்லா பார்த்துக்கறீங்க. ஆனா எங்கம்மா அதைச் சொல்லும்போது அந்த வார்த்தைக்குள்ள இருந்தாங்க. முழுசா நம்பினாங்க. அதுதான் அப்பாவைத் தாங்குச்சு. நீங்க சொல்றது வெறும் பாத்திரத்திலிருந்து பரிமாறுற மாதிரி. அப்பா பலவீனத்துல சரின்னுட்டாரு. நான் எப்படிச் சரின்னு சொல்றது? கடைசியா எங்கம்மா முகத்தைக்கூட நான் பார்க்கலை. அவங்க நம்பிக்கையோட போனாங்கன்னு நினைச்சுத்தான் நான் தூங்கறேன். அவங்க இடத்துல வந்து நம்பாத ஒருத்தர் உட்கார்ந்தா எனக்கு எப்படி இருக்கும்?"

கோடு அக்கா வாயைத் திறந்தாள். 'உங்கம்மாவும் நம்பலை.' இரண்டே சொல். நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் விசாரணை அந்த நிமிடமே முடியும். வழக்கில் அவள் ஜெயிப்பாள். நாளைக் காலை ஆறேகால் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். அது தனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது, அதைப் பிடுங்குகிறார்கள் என்றபோதுதான் அவளுக்கே தெரிந்தது. இந்தப் பெண் எதை வைத்துத் தூங்குகிறாள் என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. மெஷின்மேல் செய்த சத்தியம் எல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வந்தது மகளின் மூக்கு. அச்சு அசலாக அந்த அம்மாவின் மூக்கு, அழுது சிவந்திருந்தது.

"சரிங்க" என்றாள் கோடு அக்கா. "இனிமே சொல்லமாட்டேன்."

வாழ்நாளில் முதன்முறையாக ஓர் உண்மையை அவள் மென்று விழுங்கினாள். பொறுப்பு நர்ஸ் நிம்மதியாகப் படிவத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று எழுதினார்.

அடுத்த தடவையிலிருந்து மகளே சொன்னாள். நம்பிக்கையோடு, மூச்சு விடாமல், சிறுவயதில் கற்றது போலவே கடகடவென்று சொன்னாள். கோடு அக்கா முதல் ஊசிக்குப் பிளாஸ்திரி ஒட்டுவதற்குள் நாற்பது அடியும் முடிந்துவிட்டது. மீதி வேலையை மௌனமாகச் செய்தாள். டைம்கீப்பர் கை ஆடவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. ஊசி சரியாகவே இறங்கியது, அழுத்தம் சரியாகவே இருந்தது, அவள் சொல்லாததால் உலகத்தில் ஒரு மெஷினும் நிற்கவில்லை. அவளுக்கு மட்டும் நாள் முழுக்க ஏதோ மறந்துவிட்டு வந்ததுபோல இருந்தது. யாரிடம் போய் அழுவது? நம்பாத பிரார்த்தனையைச் சொல்லவிடவில்லை என்று எந்த வாயால் முறையிடுவது? திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயை மூடிக்கொண்டு இருந்தாள். வீட்டில் சட்டை மடிக்கும்போது உதடு அசைந்தால் நிறுத்திக்கொண்டாள். கொடுத்த வார்த்தை அங்கே செல்லுமா செல்லாதா என்று தெரியவில்லை, ஆனாலும் நிறுத்திக்கொண்டாள். கணவர் என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றாள். பிறகு, யோசித்துவிட்டு, "அழுகையா வருதுங்க" என்றாள். அவர் எதுவும் கேட்காமல் மீதிச் சட்டைகளை மடித்துக் கொடுத்தார்.

மாதம் முடிந்து மகள் கிளம்பினாள். போவதற்குமுன் தன் குரலிலேயே பிரார்த்தனையை அப்பாவின் செல்ஃபோனில் பதிவு செய்து, எந்த இடத்தில் தொட்டால் ஓடும் என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு வாரம் செல்ஃபோன் பிரார்த்தனை செய்தது. இரண்டாவது வாரத்தின் முதல் நாள், கோடு அக்கா பஞ்சை எடுத்தபோது, டைம்கீப்பர் ஃபோனை அணைத்துவிட்டார்.

"நீங்களே சொல்லுங்க."

"முடியாது சார். உங்க பொண்ணுக்கு வார்த்தை குடுத்திருக்கேன்."

"தெரியும்." அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டே பேசினார். "என் வீட்டுக்காரிக்கு நம்பிக்கை போயிடுச்சுன்னும் எனக்குத் தெரியும்."

கோடு அக்காவின் கை பஞ்சோடு அப்படியே நின்றது. "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றாள். பொய் இத்தனை சுலபமாக வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"உங்களுக்குத் தெரியும்னு நான் சொல்லலையேம்மா. எனக்குத் தெரியும்னுதான் சொன்னேன். நான் டைம்கீப்பர். கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ அதைச் சொல்லிக் கேட்டவன். நம்பிக்கை இருந்தப்போ ஒண்ணேமுக்கால் நிமிஷத்துல முடிப்பா, அடுப்புல எதையோ வெச்சுட்டு வந்த மாதிரி. கடவுள்கிட்டதானே சொல்றா, அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, நிறுத்தி நிதானமா எதுக்குச் சொல்லணும்? ஒருநாள் பார்த்தா ரெண்டரை நிமிஷம். அப்புறம் மூணு. கடைசியில நாலு. ஒவ்வொரு வார்த்தையா, என் மூஞ்சியைப் பார்த்து, எனக்குப் புரியுதான்னு பார்த்துப் பார்த்துச் சொன்னா. அங்கே யாரும் இல்லைன்னு அவ முடிவு பண்ணிட்டான்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. இருந்திருந்தா அவ என்னைப் பார்த்துச் சொல்லியிருக்க மாட்டா."

"அவங்ககிட்ட கேட்கலையா?"

"கேட்டா நிறுத்திடுவாளே."

பக்கத்து நாற்காலிக்காரர் குறட்டை விட்டார். கோடு அக்கா முகக்கவசத்தைச் சரிசெய்வதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்களுக்கு சார்? உங்களுக்கும் போயிடுச்சா?"

"எனக்கு ஏன் போகணும்? எனக்கு இருக்கு. கல்லு மாதிரி இருக்கு. அவளுக்கும் சேர்த்து நான்தான் கேட்டுட்டு இருந்தேன்." அவர் ஃபோனை மறுபடி எடுத்தார். "பொண்ணு நல்லாத்தான் சொல்றா. ஆனா அவ எனக்குச் சொல்லலை. இருங்க, வார்த்தை வாங்கினவகிட்டேயே கேட்டுடுவோம்."

மகளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போர்வைமேல் வைத்தார். "அம்மாடி, சிஸ்டர் இப்போ சொல்லப் போறாங்க. முழுசாக் கேளு. கேட்டுட்டு வேண்டாம்னு சொன்னா, அதோட விட்டுடறேன்." அந்தப் பக்கம் ஏதோ மறுப்பு தொடங்கியது. "கேளு" என்றார் டைம்கீப்பர், டிப்போக் குரலில். மறுப்பு நின்றது.

கோடு அக்கா பொருக்கை நனைத்தாள். 'வாசலைச் சாத்தாதவரே' என்று தொடங்கினாள். அந்த அம்மாவிடம் கேட்டுக் கற்ற அதே வேகத்தில், ஒவ்வொரு சொல்லாக, கிழவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். முதல் ஊசி தன் அடியில் இறங்கியது. இரண்டுக்கும் நன்றி என்ற அடியில் ஒரு நொடி நின்றாள். டைம்கீப்பர் காத்திருந்தார். தொடர்ந்தாள். இரண்டாவது ஊசி, பிளாஸ்திரி, குழாய்கள், கடைசி அடி.

ஃபோன் இணைப்பு போய்விட்டதோ என்று கோடு அக்கா எட்டிப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மா மாதிரியே இருக்குப்பா" என்றாள் மகள். "எனக்கு ஆபரேஷன் ஆனப்போ ஃபோன்ல இப்படித்தான் சொன்னாங்க. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா. சின்ன வயசுல நான் கேட்டப்போ அப்படி இல்லை, கடகடன்னு ஓடும். கடைசி வருஷங்கள்லதான் அம்மாவுக்கு நம்பிக்கை அவ்வளவு ஆழமாப் போயிருந்தது, இல்லப்பா?"

டைம்கீப்பர் கோடு அக்காவைப் பார்த்தார். கோடு அக்கா டைம்கீப்பரைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றாள் கோடு அக்கா, போர்வைமேல் கிடந்த ஃபோனிடம். "நானும் பார்த்திருக்கேன்."

"அப்போ நீங்களே சொல்லுங்க சிஸ்டர்" என்றது ஃபோன்.

கோடு அக்கா மெஷினின் பம்பை முடுக்கிவிட்டாள். ரத்தம் குழாயில் ஏறி மெஷினுக்குள் போய், சற்றுநேரத்தில் திரும்பி வந்தது. நேரம் ஆறு இருபத்தாறு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனாள்.